போதும் என்னும் சொல்

அன்னதானத்தைப் பற்றி நம்மூரில் ஒரு பேச்சு உண்டு. பொன்னைக் கொடுத்தாலும் பொருளைக் கொடுத்தாலும் நிலத்தையே எழுதிக் கொடுத்தாலும் வாங்குகிறவன் மனம் இன்னும் கேட்கும். சோறு ஒன்றைப் போட்டால்தான் அவன் தன் வாயாலேயே 'போதும்' என்பான், ஆகையால் தானங்களில் தலையாயது அதுதான் என்பார்கள். கல்யாணப் பந்தியிலும் கோயில் அன்னதானக் கூடத்திலும் யாராவது ஒரு பெரியவர் இதைச் சொல்லாமல் எழுந்திருப்பதில்லை. நானும் பலமுறை தலையாட்டிக் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல் நம் வீடுகளுக்குள் என்ன பாடுபடுகிறது என்பதை, என் அண்ணன் மகன் தன் பதினாறாவது வயதில் உடம்பைக் குறைக்கப் புறப்பட்ட பிறகுதான் யோசித்தேன்.

அவன் யாரிடமும் சொல்லிக்கொண்டு புறப்படவில்லை. பிளஸ் ஒன் சேர்ந்திருந்தான். வகுப்பில் அவனுக்குப் பெயர் பீமன். கிரிக்கெட்டில் நிரந்தர அம்பயர். இரண்டையும் அவன் சிரித்துக்கொண்டே சொல்லுவான் என்பதால் அவை அவனைத் தொடவில்லை என்று நாங்கள் எண்ணியிருந்தோம். பருத்த பிள்ளைகள் முந்திக்கொண்டு தாங்களே சிரித்துவிடுவார்கள். அது எத்தனை நாள் பழகிய கவசம் என்பது வீட்டிலுள்ளவர்களுக்குத்தான் கடைசியில் தெரிகிறது.

முதல் அடையாளம் ஒரு இரவுச் சாப்பாட்டில் தெரிந்தது. இரண்டாம் முறை சோறு வைக்க என் அம்மா, அவனுக்கு அப்பத்தா, கரண்டியோடு குனிந்தாள். அவன் விரல்களை விரித்துத் தட்டுக்கு மேல் கையைக் கவிழ்த்துக்கொண்டான். "போதும் அப்பத்தா." அவள் நிறுத்தவில்லை. ஆவி பறக்கிற சோறு அவன் புறங்கை மேலேயே விழுந்தது. சுட்டிருக்கும், கையை உதறி இழுத்துக்கொண்டான், மிச்சச் சோறு தட்டில் சேர்ந்தது. "வளர்ற புள்ள, இது என்னடா கோழி கொத்துனாப்ல" என்று அவள் குழம்பை ஊற்றினாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். விரல் இடுக்கில் ஒட்டிய பருக்கைகளை அவன் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது மட்டும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அந்தச் சிரிப்பில் கொடுமை இருந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். நம் உபசாரத்தில் 'போதும்' என்பது ஒரு சடங்கின் முதல் வரி. விருந்தாளி போதும் என்பான், கூச்சப்படுகிறான் என்று நாம் எடுத்துக்கொள்வோம். இன்னொரு கரண்டி வைப்போம், அவன் ஐயோ என்பான். வைத்த பிறகு சாப்பிட்டுவிடுவான். இருவருக்கும் மரியாதை காக்கப்படும். உண்மையிலேயே வயிறு நிறைந்தவனும் இதே சொல்லைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கூச்சத்துக்கும் நிறைவுக்கும் தனித்தனிச் சொல்லை நாம் வைத்துக்கொள்ளவில்லை. ஊரார் முன்னிலையில் இது அழகான வழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் தன் உடம்பைத் தானே ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவர நினைக்கும் ஒரு சிறுவனுக்கு, அவன் கையிலிருக்கும் ஒரே கருவியும் இந்தச் சொல்தான் என்பதையும், அது அவன் பிறப்பதற்கு முன்பே மழுங்கிப்போய்விட்டது என்பதையும் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

வீடு அவனை எதிர்த்தது என்று சொல்ல முடியாது. எதிர்ப்பதற்குக்கூட ஒரு விஷயத்தைப் பெரிதாக மதிக்க வேண்டும். அண்ணன் "ரெண்டு நாள் கூத்து" என்று பேப்பரைத் திருப்பினான். அண்ணிக்கு வேறு கவலை: பிள்ளை இளைத்தால் ஊர் அவளைத்தானே கேட்கும், சோறே போடுவதில்லையா என்று. அப்பத்தாவோ கண் பட்டுவிட்டது என்று முடிவு கட்டி, வெள்ளிக்கிழமை உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி வரவில்லை. அதனால் திருஷ்டி உறுதியாயிற்று. அதைக் கழிக்க மறுநாள் அவனுக்குப் பிடித்த அதிரசம் சுடப்பட்டது. இதற்குமேல் என்ன சொல்ல.

அப்பத்தாவைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அறுபதுகளின் நடுவில் அவள் பாவாடை தாவணியில் ரேஷன் கடை வரிசையில் நின்றவள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமையையும் மைலோ என்ற சோளத்தையும் வாங்கிவந்து, அதை எப்படிச் சமைப்பது என்று தெரியாமல் கூழாகக் காய்ச்சி ஒன்பது பேர் குடித்த வீடு அவளுடையது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி 1967 தேர்தலில் காதில் தேனாகப் பாய்ந்த தலைமுறை. அவளுடைய பாட்டிகளைப் பெற்றவர்களின் நினைவிலோ 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் இருந்தது. கஞ்சித்தொட்டி என்ற சொல் அவர்களுக்குக் கதையில் வருவதல்ல. அந்தப் பஞ்சத்துக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாக, 1867இல், வடலூர் தருமசாலையில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. 1956இல் காமராசர் பள்ளிக்கூடத்தில் மதிய உணவைக் கொண்டுவந்தார், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. தமிழ்நாட்டின் அரசியலையும் அறத்தையும் ஒரு கயிற்றில் கட்டினால் முடிச்சு சோற்றுப் பானையில்தான் விழும். பசித்த வாய்க்குச் சோறு என்பதே நாம் கண்டறிந்த மிக உயர்ந்த நீதியாக இருந்தது. இன்றும் அதற்கு ஈடான இன்னொன்றை நாம் கண்டுவிட்டதாகத் தெரியவில்லை.

ஆயினும் ஒரு ஆயுளுக்குள் காலம் புரண்டுவிட்டது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பத்துக்கு நான்கு பேர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். ஆண்களும் அதிகம் பின்தங்கவில்லை. பசியைத் துரத்தக் கற்றுக்கொண்ட கை, பசி போன பிறகும் அதே வேகத்தில் அள்ளி வைத்துக்கொண்டிருக்கிறது. நினைவு வயிற்றைவிட மெதுவாகத்தான் நிறைகிறது போலும்.

இனி நான் சொல்லவிருப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் பெருமை தராத சங்கதி.

ஒருநாள் அண்ணி துணி துவைக்கப் போட்டபோது அவனுடைய சட்டைகளின் பையில் எண்ணெய்க் கறை பார்த்தாள். ஒன்றில் அல்ல, மூன்று சட்டைகளில், அதே இடத்தில், உள்ளங்கையளவு வட்டமாக. ஒரு பையின் தையலில் உளுந்துத் துணுக்கும் கறிவேப்பிலைக் கிள்ளலும் ஒட்டியிருந்தன. "வீட்ல வேணாம் வேணாம்னு நடிச்சுட்டு வெளிய வாங்கித் திங்கிறான்" என்று எனக்குப் போன் செய்தாள். திருட்டுத் தீனி என்று தீர்ப்பாகி, அவன் பள்ளியிலிருந்து வருவதற்குள் மூன்று வீடுகளுக்குச் செய்தி போயிற்று. அவனும் மறுத்துப் பேசவில்லை. உண்மை பிறகுதான் தெரிந்தது. சாயந்தரம் அப்பத்தா தட்டில் வைக்கிற வடையை அவள் கண் முன்னால் மறுக்க அவனால் முடியவில்லை; மறுத்தால் அவள் முகம் சுருங்கிப்போகிறது. ஒன்றைக் கடித்துவிட்டு, அவள் காபி ஆற்றத் திரும்பும் நேரத்தில் மற்றதைப் பையில் போட்டு, தெருக்கோடி நாய்க்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறான். களவாகத் தின்கிறான் என்று வீடு நினைத்த நாளெல்லாம் அவன் களவாகத் தின்னாமல் இருந்திருக்கிறான்.

இதில் அவன் பிழையும் உண்டு. அதை மூடி எழுதினால் இந்தக் கட்டுரைக்கே பொருளில்லை. ஒளிவு ஒருமுறை பழகிவிட்டால் அது வடையோடு நிற்பதில்லை. கொடுத்தனுப்பிய டிபன் பாக்ஸைப் பக்கத்துப் பையனுக்குத் தள்ளினான். இரவில் "ஃப்ரண்டு வீட்ல சாப்ட்டேன்" என்றான். செல்போனில் யாரோ ஒருவன் பதினைந்து நாளில் ஆளே மாறலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டில் கேட்க ஆளில்லாத பிள்ளைக்கு அந்த யாரோ ஒருவன் குருவாகிவிடுகிறான். இப்படியே போய், ஒரு திங்கட்கிழமை காலைப் பிரேயரில் கண்ணிருட்டிச் சரிந்தான். அன்று அவன் சொல்லிக்கொண்டிருந்த 'போதும்'களில் பாதி பொய். பசித்திருந்தும் போதும் என்றிருக்கிறான். நம்பாமல் நாங்கள் அந்தச் சொல்லைக் கெடுத்தோம் என்றால், பொய்யாகச் சொல்லி அவனும் கெடுத்திருக்கிறான். சொல் இரண்டு பக்கமும் அறுந்து தொங்கியது.

பட்டினி ஒழுக்கமாகாது. 1945இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், போருக்குப் போக மனச்சாட்சி இடம்தராத முப்பத்தாறு இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். போரில் பசித்துக் கிடந்தவர்களை மீட்கும் வழியைக் கண்டறிவதற்கான ஆய்வு அது. உடம்பு வற்றியது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத அளவில் மனமும் சுருங்கியது: திடமான, படித்த அந்த ஆண்கள் சமையல் புத்தகங்களைத் தேடித்தேடி வாசித்தார்கள், தட்டை நக்கினார்கள், சோறன்றி வேறு சிந்தனையற்றுப் போனார்கள். சோற்றிலிருந்து விடுதலை பெற நினைத்துச் சோற்றை விலக்குகிறவன், இருபத்துநாலு மணி நேரமும் அதன் காலடியிலேயே கிடக்க நேர்கிறது. வளரும் வயதில் இன்னும் மோசம். எலும்பும் இரத்தமும் உயரமும் கட்டப்படுகிற பருவத்தில் செங்கல்லை நிறுத்திவிட்டு வீடு மெலிந்து அழகாயிற்று என்று மகிழ்வது போலாகும்.

அரசு மருத்துவமனையில் அவனைப் பார்த்த மருத்துவர் அதிகம் பேசவில்லை. கிலோவைப் பார்க்காதே, நீ இன்னும் உயரப் போகிறாய், வேளைக்குச் சாப்பிடு, ஓடியாடு, தூங்கு என்றார். பிறகு அண்ணி பக்கம் திரும்பி, "அவன் எவ்வளவு கேக்குறானோ அவ்வளவு போடுங்கம்மா" என்றார். "கேக்கலன்னா?" என்று அண்ணி கேட்டாள். "பசிச்சா கேப்பான். கேக்குற மாதிரி வச்சுக்கங்க." திரும்பும்போது பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாளாம்.

உடம்புக்கே ஒரு 'போதும்' உண்டு என்பது நமக்குத் தெரியவந்து அதிக காலமாகவில்லை. 1994இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ஆய்வுக்கூடம் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டறிந்தது. கொழுப்புத் திசு தன்னிடம் உள்ள இருப்பை மூளைக்கு அறிவிக்கிற தூது அது: கையிருப்பு உண்டு, இனி நிறுத்தலாம். இதைக் கண்டவுடன் உடற்பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்றே பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் பருத்த உடல்களில் பெரும்பாலும் லெப்டினுக்குக் குறைவே இல்லை, ஏராளமாக இருக்கிறது. தூது போகிறது, உரக்கவே போகிறது, மூளைதான் செவிகொடுப்பதில்லை. இதைப் படித்தபோது எனக்குத் தட்டின் மேல் கவிழ்ந்திருந்த அந்தக் கை கண்முன் வந்தது. இன்னொன்றும் உண்டு. எடை குறையத் தொடங்கியதும் லெப்டின் தாழ்கிறது. பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை நடுங்கிப் பசியைத் தூண்டிவிடுகிறது. நம் ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் பஞ்சத்தை மறக்காத ஒரு அப்பத்தா உட்கார்ந்திருக்கிறாள். எடை குறைக்கிற பிள்ளை வீட்டிலும் உள்ளேயும் ஒரே குரலோடுதான் வழக்காட வேண்டியிருக்கிறது. அவனுக்கு மனவுறுதி போதாது என்று சாய்வு நாற்காலியிலிருந்து சொல்லுகிறவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்துக்குப் பெயர் மருந்து. அதில் ஒரு வேரின் பெயரில்லை, ஒரு மூலிகையின் பெயரில்லை. முன் உண்டது செரித்ததை அறிந்து, தன் அளவை அறிந்து உண்ணுவதைத்தான் வள்ளுவர் திரும்பத் திரும்பப் பேசுகிறார். நாம் இதை உணவுக் கட்டுப்பாட்டுக்கான அறிவுரையாக வாசித்துப் பழகிவிட்டோம். அந்த அறிதல் யாருடையது என்பதில் நம் கவனம் நிற்பதில்லை. படியால் அளப்பதை எவரும் அளக்கலாம். உழக்கு, ஆழாக்கு, கரண்டி எல்லாம் பரிமாறுகிறவர் கையில் இருப்பவை. செரித்ததா என்பதை அறிய ஒரு அளவையும் வெளியில் இல்லை. உண்டவன் உள்ளே கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

இங்கிருந்து சிந்தனை சோற்றைத் தாண்டிப் போகிறது. பசியும் நிறைவும் மட்டுமா, வலியும் தூக்கமும் துக்கமும் அச்சமும், இந்தப் படிப்பு எனக்கு வேண்டாம் என்ற தயக்கமும், இந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது என்ற சொல்லப்படாத வாக்கியமும், ஒருவர் உள்ளிருந்து மட்டுமே அறியக்கூடியவை. அவற்றைப் பிறர் அறிவதற்கு அவருடைய சொல்லைத் தவிர வேறு வாசல் இல்லை. அந்தச் சொல்லை நம்பாமல், முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன், பெற்றவளுக்குத் தெரியாதா என்று உரிமை கொண்டாடும்போது, நாம் அன்பின் பெயரால் அந்த வாசலை வெளியிலிருந்து தாழிட்டுவிடுகிறோம். உள்ளே நிற்கிறவர் தட்டித்தட்டிப் பார்த்துவிட்டு ஒருநாள் கொல்லைப்புறமாக இறங்கிப் போகத் தொடங்குகிறார், சட்டைப் பையில் வடையோடோ, அதைவிடக் கனமான ஏதோ ஒன்றோடோ. பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவன் அழுகையை மொழிபெயர்த்தே வளர்த்த தாய்க்கு, அவன் இனிமேல் தானே பேசுவான், தன் சொல்லுக்குத் தானே பொறுப்பாவான் என்று ஏற்றுக்கொள்வது எளிதில்லை. அது அவள் கையிலிருந்து ஒரு பெரிய பதவி இறங்கிப்போவது. பருவ வயது என்று நாம் சொல்வது, பிள்ளை வளர்வதைக் காட்டிலும், வீட்டுக்குள் இந்த மொழிபெயர்ப்பு அதிகாரம் கைமாறுகிற காலத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கைமாறும்போது இரு பக்கமும் கடன் உண்டு. கேட்கிறவர் நம்பத் துணிய வேண்டும்; சொல்லுகிறவன் உள்ளதைச் சொல்லத் துணிய வேண்டும். பசித்தபோது 'போடு' என்று கேட்கத் தெரிந்தவன் சொல்லும் 'போதும்' ஒன்றுதான் காதில் ஏறும்.

தனியாக ஒரு காரியத்தைச் சாதித்த பிள்ளைகளை நாம் மெச்சிக்கொள்கிறோம். யார் துணையும் இல்லாமல் இளைத்துக் காட்டினான், பார் என்று. அந்த மெச்சுதலில் எனக்குக் கொஞ்சம் உறுத்தல் உண்டு. துணையில்லாமல் செய்தான் என்பது அவனுக்குப் பெருமையாக இருக்கலாம். துணையாக இருந்திருக்க வேண்டியவர்கள் அதைக் கதையாகச் சொல்லிச் சிலாகிப்பது எப்படிச் சரியாகும்? அவன் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. தனிச் சமையல் கேட்கவில்லை, பணம் கட்டி ஜிம்மில் சேர்க்கச் சொல்லவில்லை. கரண்டி ஒரு நொடி நிற்கட்டும் என்பதுதான்.

அவன் இப்போது பிளஸ் டூ. சைக்கிளில் பள்ளிக்குப் போகிறான். இளைத்திருக்கிறானா என்றால், கொஞ்சம். உயரமாகியிருக்கிறான் என்பதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. பீமன் என்ற பெயர் போகவில்லை, அது போகாது. அம்பயர் வேலையை விட்டுவிட்டானாம்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போயிருந்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது, உள்ளே கறிக்குழம்பு. வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அவன் முதலில் வைத்ததை முடித்துவிட்டுத் தட்டை முன்னால் நகர்த்தினான். "இன்னொரு கரண்டி போடு அப்பத்தா, பசிக்குது." அவள் போட்டாள். அவன் நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டான். மறுபடியும் அவள் குனிந்தபோது கையைக் கவிழ்க்கவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சொன்னான்.

"போதும்."

கரண்டி நின்றது. அதன் விளிம்பில் ஒரு பருக்கை விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

"நெசமாவா?"

"நெசமா, அப்பத்தா."

அவள் ஒரு கணம் அப்படியே இருந்தாள். பிறகு, எல்லோரும் எழுந்த பின்னால் சாப்பிடுவதற்காகச் சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த தன் தட்டைக் காலால் இழுத்து, குனிந்து நிமிர்த்தி, அந்தச் சோற்றை அதில் போட்டுக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.